‘அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க, டொக்டர்’

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் செயலாளர் அக்கா இரண்டு மாதத்துக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். “வைத்தியமும் இலக்கியமும் கலந்த மாதிரி ஏதாவது பேசுங்க தங்கச்சி, நூற்றாண்டு விழா, சந்தோசமா இரிக்கட்டும்” என்றார். நான், “மரண பயம் பற்றிப் பேசட்டா அக்கா?” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “நல்ல நாளும் அதுவுமா அந்தச் சொல்லை அழைப்பிதழில போடேலாதே” என்றார். அதனால்தான் உங்கள் அழைப்பிதழில் ‘வைத்தியர் ஒருவரின் வாசிப்பு’ என்று இருக்கிறது. அக்காவை நான் குறை சொல்லவில்லை. தொலைபேசியில் அந்தச் சில நொடி நின்ற மௌனம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சாவைக் காணாதவர்கள் அல்ல நாங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியின்போது என் அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டு, கூரை போன வீட்டின் மூலையில் மேசைக்குக் கீழே இருந்தாராம். 1990இல் எனக்குப் பதினொரு வயது. அந்த வருடம் செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரைக் கொண்டுபோனார்கள். நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான். 2004 டிசம்பர் 26 காலை, நத்தார் விடுமுறைக்கு வந்திருந்த மருத்துவ மாணவியாக நான் வீட்டில் இருந்தேன். நாவலடியிலும் கல்லடியிலும் கடல் என்ன செய்தது என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயம். இவ்வளவும் கண்ட ஊர், அழைப்பிதழில் ஒரு சொல்லைப் போடப் பயப்படுகிறது.

எங்கள் பேச்சையே பாருங்கள். யாரும் செத்துப்போவதில்லை. ‘மோசம் போயிட்டார்’, ‘தவறிட்டார்’, ‘காலமானார்’. சுவரொட்டியில் ‘சிவபதமடைந்தார்’. தேவாலயத்தில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. காத்தான்குடியில் ‘மௌத்தாகிட்டார்’. இவையெல்லாம் அழகான சொற்கள்தான், மரியாதையான சொற்கள்தான். அவற்றை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. நடந்த மரணத்தைச் சொல்ல இத்தனை சொல் வைத்திருக்கும் நம்மிடம், நடக்கப்போகும் மரணத்தைப் பற்றி அந்த ஆளோடு பேச ஒரு சொல்கூட இல்லையே என்பதுதான் என் கவலை.

இனி, எங்கள் தமிழ் டீச்சரின் வகுப்புக்கு வருகிறேன். பெயர் சொல்லமாட்டேன். அவருடைய பிள்ளைகளின் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். சில விபரங்களை மாற்றியும் இருக்கிறேன். 1993 அல்லது 94. வாவிப் பக்கம் யன்னல் உள்ள வகுப்பறை. மின்சாரம் இல்லாத காலம். ஒரு மழை நாளில், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கதையை டீச்சர் எங்களுக்குச் சொன்னார். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகார் நகரத்தை ஒட்டி ஒரு பெரிய சுடுகாடு. அங்கே பிணங்களைச் சுடுகிறவர்கள், வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், தாழியால் கவிக்கிறவர்கள் என்று எல்லா வழக்கத்தையும் சாத்தனார் எழுதுகிறார். சார்ங்கலன் என்ற பிராமணப் பிள்ளை தனியாக, தெரியாமல், அதற்குள் போய்விடுகிறான். ஒரு பேய் மகள், வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தி ஆடுவதைக் காண்கிறான். அலறிக்கொண்டு ஓடிவந்து, பேய்க்கு உயிரைக் கொடுத்துவிட்டேன் அம்மா என்று சொல்லி விழுந்து சாகிறான். அவனைப் பேய் தொடவில்லை, நோய் இல்லை, காயம் இல்லை. பயத்தால் செத்தான். ஒரு பெருங்காப்பியத்தில் மரண பயமே மரணத்துக்குக் காரணமாக எழுதப்பட்டிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வைத்தியராக இதை நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம். கடும் அதிர்ச்சியில் இதயத் தசை திடீரென்று பலவீனப்படும் நிலை ஒன்று உண்டு. யப்பானிய வைத்தியர்கள் அதற்கு, ஒக்டோபஸ் பிடிக்கும் சாடியின் பெயரான ‘டகோட்சுபோ’ என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலானோர் பிழைத்துவிடுவார்கள், சிலர் பிழைப்பதில்லை.

கதை மகனோடு முடியவில்லை. தாய் கோதமைக்குக் கண் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. மகனின் உடலைத் தழுவிக்கொண்டு வந்து, ஊர்க் காவல் தெய்வமான சம்பாபதியை அவள் கூப்பிடுகிறாள். என் உயிரை எடு, இவனைத் தா, இவன் தன் குருட்டுத் தகப்பனைப் பார்த்துக்கொள்வான் என்கிறாள். முடியாது என்கிறாள் சம்பாபதி. தேவர்கள் வரம் தருவார்கள் என்று சொல்லியிருக்கிறார்களே என்று கோதமை விடாமல் வழக்காடுகிறாள். சம்பாபதி கோபிக்கவில்லை. அண்டத்தில் உள்ள தெய்வங்கள் அத்தனையையும் அழைத்துவந்து நிறுத்தி, இவர்களில் எவரால் முடியும் என்று நீயே கேள் என்கிறாள். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். அதன்பிறகுதான் கோதமை மகனை ஈமத்தில் வைக்கிறாள்.

பாலி மொழியில் கிசா கோதமியின் கதை உண்டு, எங்கள் சிங்களத் தோழிகள் எல்லோருக்கும் தெரியும். செத்த குழந்தையோடு மருந்து தேடித் திரிந்தவளை, சாவு நடக்காத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கிவா என்று புத்தர் அனுப்பினார். இரண்டு தாய்மாருக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். இரண்டு கதையிலும் தாயிடம் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையை முகத்தில் எறியவும் இல்லை. ஒருத்தியை வீடு வீடாக நடக்கவிட்டார்கள். மற்றவளைத் தெய்வம் தெய்வமாகக் கேட்கவிட்டார்கள்.

அன்றைக்கு நாங்கள் இதையெல்லாம் யோசிக்கவில்லை. பேய் வந்த இடத்தில் ஒருத்தி அலற, வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அவருடைய மூத்த மகன் 1990 ஓகஸ்டில் சந்திக்குப் போனவன் திரும்பி வரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்தோம். அந்த வயது அப்படி.

நம் மண்ணின் பழைய ஆட்கள் மரணத்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள். வைகாசி மாதம் செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் என்ன படிக்கிறார்கள்? வழக்குரை காவியம். ஒருத்தி புருசனைப் பறிகொடுத்த கதையை ஊரே கூடியிருந்து இரவிரவாகக் கேட்கிறது. கடைசியில் குளிர்த்தி. வைசூரி ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போன காலத்தில், ‘அம்மாள்’ என்று அந்த நோய்க்கே மரியாதையாகப் பெயர் வைத்து, அவளைக் குளிரச் செய்யத் தொடங்கிய சடங்கு இது. வைசூரி உலகத்திலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. சடங்கு நிற்கவில்லை. ஏனென்றால் அது நோய்க்கு மட்டும் செய்தது அல்ல, பயத்துக்கும் செய்தது.

படுவான்கரையில் என் அம்மம்மா இருந்த ஊரில் சா வீடு என்றால் பெண்கள் தோளோடு தோள் கட்டிப்பிடித்து அழுவார்கள். அழுகையோடு செத்தவரின் முழு வரலாறும் வரும். பட்ட கடன், கட்டின வீடு, தீராத சண்டை எல்லாம் வரும். சின்னப் பிள்ளைகளை யாரும் தூரப் போகச் சொல்வதில்லை. நான் முதன்முதல் பிரேதத்தைப் பார்த்தது ஐந்து வயதில், அம்மம்மாவின் இடுப்பில் இருந்துகொண்டு. இன்றைக்கு என் பிள்ளைகளை நானே சா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை. ‘டியூசன் இரிக்கு’ என்று சொல்கிறேன். கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலய வளவில் விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கிறது. 1947இல் யாழ் நூல் அரங்கேறிய அடுத்த மாதமே மறைந்தவர் அவர். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அந்தச் சமாதியைத் தாண்டித்தான் ஓடி விளையாடுகிறார்கள். யாருக்கும் பேய் பிடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

பயத்தைப் பேசாமல் பூட்டிவைத்தால் சமூகமே சார்ங்கலன் ஆகிவிடும் என்பதற்குக் கொரோனாக் காலத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். அடக்கம் செய்யலாம், எரிக்கலாம், இரண்டாலும் தொற்றாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருக்க, இந்த நாட்டில் 2020இல் எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். முஸ்லிம் தாய்மார் தங்கள் குழந்தைகளின் உடலைக் கேட்டு அழுதார்கள். நிலத்தடி நீரில் பரவும் என்றார்கள். வைத்தியர்களான எங்களில் எத்தனை பேர் வாயைத் திறந்தோம்? நானும் திறக்கவில்லை. 2021 பெப்ரவரியில்தான் சட்டத்தை மாற்றினார்கள். பிறகு நம் மாவட்டத்தின் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கொண்டுவரப்பட்டு, சொந்த ஊரிலிருந்து தூரத்தில் உறங்குகிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், டீச்சர் என் கிளினிக்குக்கு வந்தார். மெலிந்திருந்தார், கண் மஞ்சள். ஸ்கான் எடுத்துப் பார்த்தால் கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அன்றிரவே வெளிநாட்டிலிருந்து மகளின் அழைப்பு: “அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க, டொக்டர். அவ தாங்கமாட்டா.” இந்த வசனத்தை நான் மாதத்தில் பத்துத் தடவையாவது கேட்கிறேன். அன்பினால் வரும் வசனம். அதனால்தான் அதை மறுப்பது கஷ்டம். மறுநாள் டீச்சர் கேட்டார், “எனக்கு என்ன பிள்ள?” நான் ரிப்போட்டைப் பார்த்துக்கொண்டே, “ஈரல்ல கொஞ்சம் வீக்கம் டீச்சர், மருந்து குடிச்சாச் சரிவரும்” என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படியா” என்றார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

மூன்று கிழமை அப்படியே போனது. வருகிறவர்கள் எல்லோரும், “போன முறையைவிட இப்ப தெளிவா இரிக்கிறீங்க” என்றார்கள். நானும் சொன்னேன். ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்தினார். “நீ எண்ட மாணவி. பதில் தெரியாட்டி வெறுமையா விடு, பொய் எழுதாத எண்டு சொல்லித் தந்தன்தானே” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். “சம்பாபதி கோதமைக்குப் பொய் சொல்லல்ல, பிள்ள.”

சொன்னேன். எவ்வளவு காலம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். தண்ணீர் எடுத்துக் குடி என்றார்.

அதன்பிறகு பேசினோம். சாகப் பயமா டீச்சர் என்று நான் கேட்டேன், வைத்தியம் படித்துப் பத்துப் பதினைந்து வருடத்தில் ஒரு நோயாளியிடம் அந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நோவுக்குப் பயம் என்றார். முன்பின் தெரியாதவர்கள் உடம்பைக் கழுவுவதை நினைக்கக் கூச்சம் என்றார். பிறகு கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் போன பிறகு அவன் வந்து கதவத் தட்டினா, ஆர் திறக்கிற?” என்றார்.

முப்பது வருடத்துக்கு அண்மை. அந்த வீட்டுக் கதவின் பூட்டை அவர் மாற்றவே இல்லையாம், மகனிடம் பழைய திறப்பு இருக்கும் என்று. இறந்தார் என்று சொல்லாமல், காணாமல் போனார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழை வழங்க 2016இல் சட்டம் வந்தது. அதைக்கூட அவர் எடுக்கவில்லை. தன்னுடைய மரணத்தைத் தாங்கமாட்டார் என்று நாங்கள் யாரைப் பற்றிப் பயந்தோமோ, அவர் தன் மரணத்தைப் பற்றிப் பயப்படவே இல்லை. தன்னோடு முடிந்துவிடப்போகும் ஒரு காத்திருப்பைப் பற்றித்தான் பயந்தார். அதை யாரிடமாவது ஒப்படைக்க அவருக்கு நேரம் தேவைப்பட்டது. அதில் மூன்று கிழமையை நான் எடுத்துவிட்டேன்.

மிச்சம் பதினொரு நாள். முதல் ஐந்து நாளில் எவ்வளவோ செய்தார். மகனுக்குக் கடிதம் எழுதினார், கை நடுங்கியதால் நான் எழுத அவர் சொன்னார். அதில் என்ன இருந்தது என்று சொல்லமாட்டேன். திறப்பில் ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் கொடுத்தார். யார் உடம்பைக் கழுவ வேண்டும் என்று பெயர் குறித்தார். மகளுக்கு அவரே அழைப்பு எடுத்து, “நான் கனநாள் இருக்கமாட்டன், வெளிக்கிட்டு வா” என்றார். மகள் விசா, பயணம் என்று அலைந்து வந்து சேர்ந்தபோது இரண்டு நாள்தான் இருந்தது. அதிலும் ஒரு நாள்தான் நினைவு. செத்த வீட்டில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தானே சொல்ல வேணாம் எண்டன்” என்றார். அந்த வசனத்துக்கு நான் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

அதன்பிறகுதான் டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ கதையை மறுபடி வாசித்தேன். 1886இல் வந்த கதை. மாணவியாக வாசித்தபோது நோயை மட்டும் பார்த்திருக்கிறேன். உண்மையில் அந்த மனிதனை நோவைவிட வதைப்பது, அவன் சாகிறான் என்று தெரிந்துகொண்டே எல்லோரும் நடிக்கும் நடிப்பு. வைத்தியர்களும் நடிக்கிறார்கள். கெராசிம் என்ற வேலைக்காரப் பையன் ஒருவன்தான் நடிப்பதில்லை. அவன் இரவில் இவான் இலியிச்சின் கால்களைத் தன் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறான், அதுவே அவருக்குச் சுகம்.

நோவைப் பற்றி இரண்டு வார்த்தை, இது என் தொழில். கடைசிக் காலத்தில் நோவு கட்டாயம் என்று நினைக்காதீர்கள். மோர்பின் வாயால் குடிக்கும் மருந்தாகவே உண்டு, விலை கூடியதும் அல்ல. வைத்தியர் சொல்லும் அளவில், சொல்லும் நேரத்துக்குக் கொடுத்தால் அது உயிரைக் குறைக்காது, பைத்தியமாக்காது. நோவு வந்த பிறகு அல்ல, வர முன்னம் கொடுக்க வேண்டும். இதை உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் சிசிலி சான்டர்ஸ் என்ற பெண். தாதியாக இருந்து, பிறகு வைத்தியம் படித்து, 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் பராமரிப்பு இல்லத்தைத் திறந்தவர். நோவு உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் இருக்கிறது என்றார். டீச்சரின் கதவை நினைத்தால் அது எனக்கு விளங்குகிறது. கடைசி நாட்களில் மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் சத்தம் வரும். பார்ப்பவர்களுக்குப் பயமாக இருக்கும். படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை. இதை முன்கூட்டியே சொன்னால், கடைசி இரவில் ஆளைத் தூக்கிக்கொண்டு அம்புலன்சில் ஓடாமல் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். ரிப்போட் வந்ததும் முகத்துக்கு நேரே சதவீதம் சொல்லும் பழக்கம் நமக்குச் சரிவராது. இப்போது நான் முதலில் கேட்பது, “உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சிக்க விருப்பம்?” என்றுதான். “மகனிட்ட சொல்லுங்க, எனக்கு வேணாம்” என்று சொல்கிற அப்புமார் உண்டு. அது அவர்களின் உரிமை. சம்பாபதியும் கோதமை கேட்கக் கேட்கத்தான் பதில் சொன்னாள். ஆனால் கேட்கிறவரிடம் பொய் சொல்வதில்லை. “அம்மாட்ட சொல்லாதீங்க” என்று வருகிற பிள்ளைகளிடம், “நானாகச் சொல்லமாட்டன், அம்மா கேட்டா ஒளிக்கமாட்டன்” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு வைத்தியரிடம் போயிருக்கிறார்கள்.

டீச்சரின் மணிமேகலையை அவருடைய மகள் நமது பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். அட்டை கிழிந்திருக்கிறது, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. நூற்றாண்டுக் கண்காட்சிக்கென்று அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருப்பதைக் காலையில் பார்த்தேன். அதிபர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கண்காட்சி முடிந்ததும் அதை வெளியே எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். கடைசி வரிசைப் பிள்ளைகளே, ஆறாவது காதை. பேய் வரும் இடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம்.